இந்த ஃபைலை எங்கே வைப்பது?

2025 செப்டம்பர் முதல் வாரம். ஜிஎஸ்டி கவுன்சில் துணிமணிக்கான வரியை மாற்றியிருந்தது. 22-ஆம் தேதி முதல் அமல். அதுவரை ஆயிரம் ரூபாய் வரையிலான ரெடிமேடு உருப்படிக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 12. இனி 2500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. நாங்கள் கோவையில் ஜவுளிக்கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்கிறவர்கள். சேர்ந்து மூன்று வாரமே ஆன ஒரு பெண் இந்த வேலையை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்து கேட்டார்.

"அண்ணா, இத எந்த ஃபோல்டர்லீங்ணா வெக்கறது?"

"நீயே தேடிப் பாரும்மா. எங்க இருக்கும்னு தோணுதோ அங்க போய்ப் பாரு."

இரண்டு நிமிஷத்தில் அவர் இடத்திலிருந்தே குரல் வந்தது. "டாக்ஸ் ஃபோல்டர்லயே இருக்குதுங்ணா. ஒரே ஃபைல்தான்."

அந்த 'ஒரே ஃபைல்தான்' என்ற சொல்லுக்குப் பின்னால் எங்களுக்கு எட்டு வருஷ உழைப்பு இருக்கிறது. ரெப்போவில் ஃபோல்டர்களை எப்படி அமைப்பது என்பதைப் பற்றி நீளமாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் உட்கார்ந்தேன்.

பிராஞ்சும் ஒரு ஃபோல்டராக இருந்த காலம்

நான் வேலைக்கு வந்தபோது சப்வெர்ஷன்தான் எல்லா இடத்திலும். அதற்கு முந்தைய சிவிஎஸ்-ஐப் பார்த்த சீனியர்கள் ஒரு விஷயத்தை அடிக்கடி சொல்வார்கள்: அதில் ஃபைலுக்குப் பெயர் மாற்ற வழியே கிடையாது. பழைய பெயரில் நீக்கிவிட்டு, புதுப் பெயரில் சேர்க்க வேண்டும். வரலாறு அங்கேயே அறுந்துவிடும். ஃபோல்டருக்கு வரலாறு என்று ஒன்றே இல்லை. அதனால் முதல் நாள் எப்படி அடுக்கினீர்களோ, கடைசிவரை அதோடுதான் வாழ வேண்டும்.

2004 பிப்ரவரியில் சப்வெர்ஷன் 1.0 வந்தபோது இந்தக் கஷ்டம் தீர்ந்தது. ஃபோல்டரை நகர்த்தலாம், பெயர் மாற்றலாம், வரலாறும் கூடவே வரும். ஆனால் அதன் வடிவமைப்பில் ஒரு விசேஷம் உண்டு. பிராஞ்ச் என்று தனியாக ஒன்று அதில் இல்லை. ஒரு ஃபோல்டரை இன்னோர் இடத்துக்கு நகலெடுத்தால் அதுவே பிராஞ்ச். 'இதை இனி யாரும் தொடக்கூடாது' என்று பேசிவைத்துக்கொண்டால் அதே நகல் டேக். சர்வரில் அந்த நகல் இடத்தையும் அடைக்காது. 'இது அதிலிருந்து, இன்ன ரிவிஷனில் வந்தது' என்ற குறிப்பு மட்டும்தான் ஏறும்.

டிரங்க், பிராஞ்சஸ், டேக்ஸ் என்ற மூன்று ஃபோல்டர்களும் அப்படி வந்த பழக்கம்தான். மென்பொருள் அவற்றைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு குழுவும் முதல் நாளே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது: ஒவ்வொரு புராஜெக்டுக்கும் தனித்தனி டிரங்க்கா, அல்லது ஒரே டிரங்க்குக்குள் எல்லா புராஜெக்டுகளுமா? அப்பாச்சி அறக்கட்டளை தன் நூற்றுக்கணக்கான புராஜெக்டுகளை ஒரே சப்வெர்ஷன் ரெப்போவில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் அதற்குள்ளேயே தனி டிரங்க் கொடுத்தது. அங்கே ஒவ்வொரு புராஜெக்டும் தன் வேகத்தில் ரிலீஸ் ஆகிறது. ஒன்றுக்கு டேக் போடும்போது மற்றொன்றை இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. எல்லாமே ஒரே நாளில் ஒரே மூட்டையாக வெளியே போகிற இடமாக இருந்தால், மேலே ஒரே டிரங்க் போட்டு உள்ளே எல்லாவற்றையும் வைப்பதுதான் பொருத்தம். அப்போது ஒரு டேக் என்றால் முழு மென்பொருளின் ஒரு நாளைய நிலை.

ஆக, எது அழகாக இருக்கிறது என்பது கேள்வியே இல்லை. எது எதோடு சேர்ந்து மாறுகிறது, எது எதோடு சேர்ந்து வெளியே போகிறது என்பதுதான் கேள்வி. நான் இதைப் புரிந்துகொள்ள 2017 ஜூலை வர வேண்டியிருந்தது.

பதினோரு கடை, பதினோரு ஃபோல்டர்

அப்போது நான் இருந்த குழுவில் கடைக்கு ஒரு ஃபோல்டர் என்று வைத்திருந்தோம். புதுக் கடை ஒன்று வந்தால், கடைசியாகச் செய்த கடையின் ஃபோல்டரை அப்படியே நகலெடுப்போம். பில்லின் தலைப்பு, பிரின்டரின் அகலம், பார்கோடு ஸ்டிக்கரின் அளவு ஆகியவற்றை மாற்றுவோம். முடிந்தது. சப்வெர்ஷனில் நகலெடுப்பது ஒரே கட்டளை. வேலை சீக்கிரம் முடியும், அந்தக் கடைக்கு மட்டும் ஏதாவது கேட்டால் தயக்கமின்றி மாற்றலாம். மூன்று கடை இருந்தவரை இதில் ஒரு குறையும் தெரியவில்லை. 2017-இல் பதினோரு கடை இருந்தது.

ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தது. வாட் கணக்கு போய், மத்திய வரி, மாநில வரி என்று இரண்டாகப் பிரிந்த கணக்கு, எச்எஸ்என் குறியீடு, புது பில் வடிவம். பதினோரு ஃபோல்டரிலும் மாற்ற வேண்டும். மூன்று பேர் பிரித்துக்கொண்டோம். ஆளுக்கு மூன்று, நான்கு ஃபோல்டர்.

இரண்டாவது வாரம் ஒரு கடைக்காரர் கூப்பிட்டார். "தம்பி, ஆயிரம் ரூவா சுடிதாருக்கு ஆயிரத்து நூத்தியிருவது வருதுங்களே. பக்கத்துக் கடைல ஆயிரத்து அம்பதுதானுங்க வாங்கறாங்க."

நிரலைத் திறந்து பார்த்தேன். விதி என்ன? உருப்படியின் விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டாவிட்டால் 5 சதவீதம். அந்த ஃபோல்டரில் எழுதியிருந்தது 'ஆயிரத்துக்குக் குறைவாக இருந்தால்'. சரியாக ஆயிரம் ரூபாய்க்கு விற்கிற துணி அந்த வரியில் நழுவி 12 சதவீதத்துக்குள் விழுந்துவிட்டது. ஒரே ஒரு சமக்குறி விடுபட்டிருந்தது. ஒரு சுடிதாருக்கு எழுபது ரூபாய் வித்தியாசம். உடனே திருத்தினேன். பிறகு மற்ற ஃபோல்டர்களைப் பார்த்தால், ஒருவர் செய்த நான்கிலும் அதே பிழை. இன்னொருவர் செய்தவற்றில் இல்லை. பின்னால் இதைத் திருத்தும்போதும் ஒரு ஃபோல்டரை விட்டுவிட்டோம். அது ஆகஸ்டில்தான் தெரியவந்தது.

மூன்று பேருமே கவனமாக வேலை செய்கிறவர்கள். ஆனால் ஒரே உண்மையைப் பதினோரு இடத்தில் எழுதிவைத்தால், என்றைக்காவது ஒருநாள் அவை பதினோரு உண்மையாகிவிடும். ஆட்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஃபோல்டர் அமைப்புதான் அந்தப் பிழைக்கு இடம் வைத்திருந்தது.

லினக்ஸுக்கும் இதே கதை

பிறகு லினக்ஸ் கெர்னலின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு ஒரு தெளிவு கிடைத்தது. அங்கே செயலிக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 'ஆர்ச்' என்ற ஃபோல்டருக்குள் ஓர் இடம் உண்டு. இன்டெல்லின் 32-பிட் செயலிகளுக்கு ஐ386. பின்னால் 64-பிட் வந்தபோது எக்ஸ்86_64 என்று தனி ஃபோல்டர் திறந்தார்கள். புதுச் செயலி, பழைய சுமையில்லாமல் சுத்தமாகத் தொடங்கலாம் என்பது அதிலிருந்த நியாயம். ஆனால் உள்ளே பெரும்பகுதி ஒரே மாதிரியான நிரல். ஒரு பக்கம் திருத்திய பிழை மறுபக்கம் அப்படியே கிடக்கும். சில ஃபைல்களை 64-பிட் பக்கம் ஐ386 ஃபோல்டரிலிருந்தே எடுத்துக்கொண்டது. அதனால் இந்தப் பக்கம் ஒருவர் கைவைத்தால் அந்தப் பக்கம் உடையவும் வாய்ப்பு இருந்தது.

2007-இல் தாமஸ் கிளெய்க்ஸ்னரும் இங்கோ மோல்நாரும் இரண்டையும் 'எக்ஸ்86' என்ற ஒரே ஃபோல்டராக்க முன்வந்தார்கள். 2008 ஜனவரியில் வெளியான 2.6.24 கெர்னலில் அந்த இணைப்பு வந்தது. அதை அவர்கள் செய்த விதம்தான் முக்கியமான பாடம். முதல் படியில் ஃபைல்களை இடம் மட்டும் மாற்றினார்கள். இரண்டு பக்கமும் ஒரே பெயரில் இருந்த ஃபைல்கள் _32, _64 என்ற வாலோடு ஒரே ஃபோல்டரில் அடுத்தடுத்து உட்கார்ந்தன. பக்கத்துப் பக்கத்தில் வந்ததும் எது ஒன்று, எது வேறு என்பது கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. அதன் பிறகுதான் ஒவ்வொரு ஜோடியாக எடுத்து, நிதானமாக, பல ரிலீஸ்களில் ஒன்றாக்கினார்கள்.

நாங்களும் அதே வழியைப் பிடித்தோம். பதினோரு கடையின் வரிக் கணக்கு ஃபைல்களையும் ஒரே 'டாக்ஸ்' ஃபோல்டருக்குள், கடையின் பெயரை வாலாகப் போட்டுக் கொண்டுவந்து வைத்தோம். பிறகு இரண்டிரண்டாக ஒப்பிட்டோம். ஆறு மாதத்தில் பதினொன்று ஒன்றானது. கடைகளுக்கு இன்றைக்கும் ஃபோல்டர் உண்டு. ஆனால் அதற்குள் பில் தலைப்பு, லோகோ, பிரின்டர் அளவு போன்ற அமைப்புகள் மட்டும்தான். கடை ஃபோல்டருக்குள் கூட்டல் கழித்தல் எதுவும் வரக்கூடாது என்பது எங்கள் விதி.

கிட்டுக்கு வந்தபோது

2018-இல் கிட்டுக்கு மாறினோம். கிட்டில் பிராஞ்ச் ஃபோல்டருக்குள் உட்காருவதில்லை. அது ஒரு கமிட்டைச் சுட்டுகிற பெயர், அவ்வளவுதான். அதனால் டிரங்க், பிராஞ்சஸ் என்ற ஃபோல்டர்களை அங்கே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பழைய ரெப்போவை அப்படியே கொண்டுவந்து, ஒவ்வொரு பிராஞ்சும் ஒரு முழு நகல் ஃபோல்டராகக் கிடப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

கிட்டின் இரண்டு குணங்களை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஒன்று, அது காலி ஃபோல்டரைக் கண்டுகொள்ளாது. 'பின்னால் தேவைப்படும்' என்று பத்து ஃபோல்டர் திறந்து வைத்தால் அவை கமிட்டில் ஏறவே ஏறாது. சிலர் ஒரு வெற்று ஃபைலைப் போட்டு ஃபோல்டரை நிறுத்திவைப்பார்கள். மென்பொருள் ஓடும்போது அந்த ஃபோல்டர் இருந்தே ஆக வேண்டும் என்றால் சரி. எதிர்காலத் திட்டத்துக்காக என்றால் வேண்டாம். ஃபைல் வரட்டும், ஃபோல்டர் தானாக வரும்.

இரண்டு, ஃபைல் இடம் மாறியதை கிட் எங்கும் எழுதிவைப்பதில்லை. பழைய இடத்தில் காணாமல் போன ஃபைலும் புதிய இடத்தில் வந்த ஃபைலும் குறைந்தது 50 சதவீதம் ஒத்திருந்தால், 'இது அதுதான்' என்று பிறகு கணித்துச் சொல்கிறது. அதனால் ஃபைலை நகர்த்துகிற கமிட்டில் நகர்த்தல் மட்டும் இருக்கட்டும். உள்ளே திருத்துவதை அடுத்த கமிட்டில் வையுங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால், இந்த வரியை யார், எதற்காக எழுதினார்கள் என்று மூன்று வருஷம் கழித்துத் தேடுகிறவருக்குத் தடயம் அறுந்துபோகும்.

அஞ்சறைப்பெட்டி

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் வகைவாரியாகப் பிரிப்பார்கள். திரைகள் எல்லாம் ஓரிடத்தில், டேட்டாபேஸ் வேலைகள் ஓரிடத்தில், அச்சு வடிவங்கள் ஓரிடத்தில். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் 'பார்கோடில் சைஸும் வர வேண்டும்' என்று ஒரு கடைக்காரர் கேட்டால் ஐந்து ஃபோல்டருக்குள் போய்வர வேண்டும்.

அஞ்சறைப்பெட்டியை நினைத்துப் பாருங்கள். கடுகும் சீரகமும் உளுந்தும் வெந்தயமும் மஞ்சள்தூளும் ஒரே வகைப் பொருள்கள் இல்லை. உளுந்து பருப்பு வகை. வகைவாரியாகப் பார்த்தால் துவரம்பருப்போடு பெரிய டப்பாவில் இருக்க வேண்டும். பெரிய டப்பாவில் நிறைய இருக்கவும் செய்கிறது. ஆனால் எண்ணெய் காய்ந்துவிட்டால் தாளிக்க எல்லாம் ஒரே நேரத்தில் கைக்கு வேண்டும். அதனால் ஒரு பிடி உளுந்து இந்தப் பெட்டியில் இருக்கிறது. ஒன்றாகக் கை போகிறவை ஒன்றாக இருக்கின்றன.

டேவிட் பார்னஸ் 1972-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் மென்பொருளுக்குச் சொன்னார். வேலை நடக்கிற வரிசைப்படி பகுதிகளைப் பிரிக்காதீர்கள். எந்தெந்த முடிவுகள் பின்னால் மாறக்கூடும் என்று பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் ஒரு பகுதிக்குள் ஒளித்துவையுங்கள் என்பது அதன் சாரம். வரி விகிதம் மாறும். அது ஒரு ஃபோல்டர். பார்கோடு மாறும், அதன் திரை, அதன் அச்சு வடிவம், அதன் டெஸ்ட் எல்லாம் 'பார்கோடு' ஃபோல்டரில்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. உங்கள் மொழிக்கோ கருவிக்கோ ஏற்கெனவே ஒரு வழக்கம் இருந்தால், வெளிப்புறத்தில் அதை மீறாதீர்கள். ஜாவாவில் மேவன் பயன்படுத்துகிறவர்களுக்கு மூலநிரல் எங்கே, டெஸ்ட் எங்கே, உருவாகும் வெளியீடு எங்கே என்று ஒரு பொது அமைப்பு உண்டு. அதை அப்படியே பின்பற்றினால் எந்த ஊரிலிருந்து வருகிறவருக்கும் முதல் நாளே வழி தெரியும். உங்கள் யோசனையை அதற்கு உள்ளே செலுத்துங்கள்.

ஒன்றா, பலவா?

அடுத்து எல்லோரும் கேட்பது: ஒரே பெரிய ரெப்போவா, பல சிறியவையா? கூகுள் ஒரே ரெப்போவில் இருப்பதைப் பலர் உதாரணமாகச் சொல்வார்கள். உண்மைதான், 2015 ஜனவரிக் கணக்குப்படி அதில் சுமார் நூறு கோடி ஃபைல்கள், 86 டெராபைட். ஆனால் அதற்காகவே அவர்கள் சொந்தமாக ஒரு அமைப்பைக் கட்டினார்கள். மைக்ரோசாஃப்ட் விண்டோஸை கிட்டுக்கு மாற்றியபோது 35 லட்சம் ஃபைல்கள், 300 ஜிபி. தேவையான ஃபைலை மட்டும் தேவையான நேரத்தில் இறக்குகிற ஒரு தனி ஏற்பாட்டை முதலில் எழுத வேண்டியிருந்தது.

ஐந்து பேர், பத்து பேர் உள்ள குழுவுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. ஒரு மாற்றத்துக்கு இரண்டு ரெப்போவில் கமிட் செய்து, எது முதலில் போக வேண்டும் என்று யோசிக்கிற நிலை வாரத்தில் இரண்டு முறை வந்தால், அந்த இரண்டும் ஒரே ரெப்போவில் இருக்க வேண்டியவை. வேறு குழு, வேறு ரிலீஸ் தேதி, வேறு ஆட்களுக்கு அனுமதி என்றால் பிரியுங்கள்.

தமிழில் பெயர் வைத்தால்

நான் தமிழில் ஃபோல்டர் பெயர் வைத்துப் பார்த்தவன். செய்யலாம். ஆனால் கிட் முதலில் அதைக் காட்டும் விதம் பயமுறுத்தும். 'தமிழ்' என்ற ஃபோல்டர் நிலைப் பட்டியலில் \340\256\244 என்று தொடங்கும் எண்களாக வரும். அந்த மூன்று எண்ணும் சேர்ந்தால் 'த' என்ற ஓர் எழுத்து. கிட்டின் அமைப்புகளில் 'கோட்பாத்' என்ற ஒன்றை அணைத்துவிட்டால் தமிழ் தமிழாகவே தெரியும்.

இன்னொன்று நுட்பமானது. 'கொள்முதல்' என்பதில் உள்ள 'கொ'வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒகரக் குறி ஒரே குறியீடாக, அல்லது ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. பழைய மேக் கோப்பு முறை பெயரை இரண்டாவது விதமாகப் பிரித்துச் சேமிக்கும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. இதைச் சரிசெய்ய 2012 முதல் கிட்டிலேயே ஓர் அமைப்பு இருக்கிறது. ஆனாலும் பலவகைக் கணினிகள் புழங்குகிற குழு என்றால் ஃபோல்டர் பெயரைச் சிறிய ஆங்கில எழுத்தில் வைத்துவிடுங்கள். சிறிய எழுத்தை வற்புறுத்தக் காரணமும் அதுதான்: பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு வேறு.

உங்கள் ரெப்போவையே கேளுங்கள்

புது அமைப்பை வெள்ளைப்பலகையில் வரைவதற்கு முன் ஒரு மத்தியானத்தை இதற்கு ஒதுக்குங்கள். கடைசி ஐம்பது கமிட்களை, எந்தெந்த ஃபைல் மாறியது என்ற பட்டியலோடு எடுங்கள். ஒரு காகிதத்தில் ஒவ்வொரு கமிட்டும் எத்தனை ஃபோல்டரைத் தொட்டது என்று எழுதுங்கள். எப்போதும் ஜோடியாகவே வரும் ஃபைல்களுக்கு வட்டம் போடுங்கள். அவை தூரத்தூர ஃபோல்டர்களில் இருந்தால், முதலில் நகர வேண்டியவை அவைதான். 'காமன்', 'யூட்டில்ஸ்', 'மிஸ்க்' என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் வீங்கிக்கொண்டே போகிறதா என்றும் பாருங்கள். அதற்குள் இன்னும் பெயர் வைக்கப்படாத இரண்டு மூன்று நல்ல ஃபோல்டர்கள் காத்திருக்கும்.

செப்டம்பருக்கு வருகிறேன். அந்தப் பெண் கொண்டுவந்த மாற்றத்தை நான்தான் ரிவ்யூ செய்தேன். இரண்டு ஃபைல். விகித அட்டவணையில் பழைய வரிசையைத் தொடாமல், 22-ஆம் தேதியிலிருந்து செல்லும் புது வரிசையைச் சேர்த்திருந்தார். முந்தைய வாரம் விற்ற துணி திரும்பி வந்தால் பழைய வரியில்தானே கழிக்க வேண்டும். பக்கத்திலேயே இருந்த டெஸ்ட் ஃபைலில் மூன்று விலைகள்: 2499, 2500, 2501.

நடுவில் இருந்த 2500-ஐப் பார்த்ததும் கேட்டேன். "இத யாரும்மா சேக்கச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலீங்ணா. அதே ஃபைல்ல மேல ஏற்கெனவே 999, 1000, 1001னு இருந்துச்சுங்க. அதப் பாத்துத்தான் போட்டேன்."

அந்த மூன்று எண்களையும் 2017-இல், ஆகஸ்டுத் திருத்தத்துக்குப் பிறகு, எழுதி வைத்தவன் நான். மாற்றத்தை ஏற்றுக்கொண்டேன். 22-ஆம் தேதி காலை எல்லாக் கடைகளிலும் பில் சரியாக வந்தது.